ஓடுதுகாரர்

அவளுடைய வீட்டுக்காரருக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் ஓடுதுகாரர். நேரில் யாரும் சொல்வதில்லை. காதில் விழாத தூரத்தில் தாராளமாகச் சொல்வார்கள். எந்தக் கம்ப்யூட்டர் கேமைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மனுஷர் முந்திக்கொண்டு, "அது லினக்ஸ்லயே ஓடுதே, என்கிட்ட ஓடுது" என்று சொல்லிவிடுவார். கேட்டவன், கேட்காதவன் என்கிற பேதமே கிடையாது. அவளுடைய தம்பி ஒருநாள் வேலை போன துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து, ஏதோ ஒரு கார்ப் பந்தய கேம் ஓடுகிற சமாசாரத்தைச் சொன்னார். அதற்கப்புறம் தம்பி வந்தால் சமையலறையோடு நின்று அவளிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறான்.

அவருக்கு ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பகல் முழுக்க ஊராருடைய கெட்டுப்போன பெட்டிகளைச் சரிபண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நன்றாக இருக்கிற தன் பெட்டியைச் சரிபண்ண உட்காருவார். ஊரே வைத்திருக்கிற விண்டோஸுக்காகச் செய்த கேமை, அதற்குப் பதிலாக அவர் போட்டிருக்கிற லினக்ஸில் ஓட்ட, நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி மாதிரி ஒரு புரோகிராம் வேண்டும். அந்தத் துபாஷியிலேயே பழசு, புதுசு, அரைப் பழசு என்று ஏகப்பட்ட வகை. ஒன்றைப் போட்டால் படம் வரும், சத்தம் வராது. இன்னொன்றைப் போட்டால் சத்தம் வரும், ஆள் தலைகீழாக நிற்பான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மூக்கைத் தொட்டதும் உள்ளேயிருந்து "ஓடுது" என்று குரல் வரும்.

பொய் சொல்லக் கூடாது, முக்கால்வாசி கேம்கள் ஓடத்தான் செய்தன. சிலது விண்டோஸைவிட வேகமாகவே ஓடின. அந்த முக்கால்வாசியைக் காட்டியே மீதிக் கால்வாசியையும் ஊர் வாயில் திணிக்கப் பார்த்தார். அதுதான் எரிச்சல்.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அளவை வைத்து அச்சு வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். சாயங்காலம் கழுத்து விறைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம், ஐந்து பேர் சேர்ந்து கோட்டை பிடிக்கிற ஒரு கேம். ஐந்து பேருமே பெண்கள், ஆளுக்கு ஓர் ஊர். கேப்டன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இவள்தான் அணிக்கு வைத்தியச்சி. ஆட்டத்தில் அடிபட்டு விழுகிறவர்களை எழுப்பிவிடுவது இவள் பொறுப்பு. நாலு வருஷமாக ஒருத்தி குரலை ஒருத்தி கேட்டே பழகியவர்கள், யாரும் யார் முகத்தையும் நேரில் பார்த்ததில்லை.

இந்த வருஷம் போட்டியில் அவர்கள் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். அதில் ஜெயித்தால் கடைசி ஆட்டம் பெரிய அரங்கத்தில், மேடையில் உட்கார்ந்து ஆடுவது. ஐந்து பேரும் முதல் தடவையாக ஒரே இடத்தில் இருப்பார்கள். கேப்டனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஜெயிப்பதற்கு முன்னாலேயே புதுச் செருப்பு வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், பெட்டி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று வாய்தவறி வீட்டுக்காரர் காதில் போட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அக்காவின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அவள் பெட்டியில் விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார். போட்டியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வார்களா என்று கத்தினாள், அழுதாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. உட்கார வைத்து, கேமைத் திறந்து, பயிற்சிக் களத்தில் விட்டார்.

வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் விரல் நினைப்பதற்குள் திரையில் நடந்தது. பழைய திக்கல் திணறல் எதுவுமில்லை. கோபமெல்லாம் இறங்கிவிட்டது, அங்கேதான் அவள் ஏமாந்தாள். நிஜ ஆட்டத்திலும் இப்படியே வருமா என்று மட்டும் கேட்டாள். அதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரையிறுதி. முதல் இரண்டு சுற்றில் அணிக்கு ஒரு வெற்றி. மூன்றாவதில் கேப்டன் அடிபட்டு விழுந்தாள், எழுப்பிவிட இவள் ஓடினாள். பாதி வழியில் திரை அணைந்தது. மறுபடி வந்தபோது அதில் ஒரு நீளமான பிழை நம்பரும் அதன் கீழே ஓர் அறிவிப்பும் மட்டும் இருந்தன. ஏமாற்றி ஆடியதால் இந்தக் கணக்கு நிரந்தரமாகத் தடைசெய்யப்படுகிறது, இந்த அணி போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது.

போன் அடித்தது, கேப்டன்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. ஏதாவது போட்டு ஆடுனீங்களா?"

நாலு வருஷம் கூடவே ஆடியவள் கேட்கிற கேள்வி. போனைக் கையில் பிடித்தபடியே திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் மின்னியது.

"இந்த நம்பரோட ஒரு மெசேஜ் இதுவரைக்கும் யாருக்குமே வந்ததில்லை, தெரியுமா?" என்றார். "இரு, மூடிடாத. போட்டோ எடுத்துக்கறேன்."

சீ என்று இருந்தது அவளுக்கு. எட்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷர்.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. அந்த கேமுக்கு ஒரு காவல்காரப் புரோகிராம் உண்டு. யாராவது திருட்டுத்தனமாக ஆடுகிறார்களா என்று அது கம்ப்யூட்டரின் அடிமடி வரை கைவிட்டுத் துழாவும். லினக்ஸில் அப்படித் துழாவ அதற்கு வழி செய்து வைக்கவில்லை. அதனால் கம்பெனி லினக்ஸ்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் இணையத்தில் எங்கேயோ பொறுக்கிய ஒரு குறுக்கு வழியைச் சேர்த்து, லினக்ஸுக்கு விண்டோஸ் வேஷம் கட்டியிருக்கிறார். இரண்டு சுற்று வரை காவல்காரனும் நம்பினான். வேஷம் கலைந்ததும் அவளைத் திருடி என்று எழுதிவிட்டான்.

நடந்ததை நீங்களே கேப்டனிடம் சொல்லுங்கள் என்று போனை அவர் கையில் கொடுத்தாள். சொன்னார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாக்கியத்தில் தன் தப்பைச் சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் கம்பெனியின் தப்பையே சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் கூடத்தைக் கட்டினவனின் பாட்டன் வரைக்கும் இழுத்தார். கேப்டன் பொறுமையாகக் கேட்டாள், நம்பவும் செய்தாள். நம்பி என்ன, அணி போனது போனதுதான். தடை இவள் பேரில் இருப்பதால், அடுத்த வருஷம் வேறு வைத்தியச்சியோடுதான் அவர்கள் பேர் கொடுக்க முடியும். அதைச் சொல்லும்போது கேப்டன் அழுதாள். கம்பெனிக்கு முறையிட்டு எழுதிப் பார்த்ததற்கு, லினக்ஸில் ஆட அனுமதியில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்த வாரம் பல் கூடத்தில் அவள் கை வேலையில் நிற்கவில்லை. அச்சில் ராஜா மாதிரி உட்காருகிற பல் செட் சில சமயம் வாயில் உட்காராமல் திரும்பி வரும். என் அச்சில் சரியாக இருக்கிறதே என்று யாரும் டாக்டரிடம் வாதாடுவதில்லை. உடைத்துப் போட்டுவிட்டு வேறு செய்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவளை அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அவள் பெட்டியில் வேறு துபாஷியைப் போட்டு, புதுக் கணக்கு ஒன்றும் திறந்திருந்தார். கேம் எழுந்தது. முரசு அடித்தது, கோட்டைக் கதவு திறந்தது, பெயர்ப் பலகை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவர் அதையே பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

"ஏங்க மூடிட்டீங்க?"

"அதான் பார்த்துட்டோமே."

"ஆடலையா?"

"ஆடி என்ன பண்ணப் போறோம்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் எந்த கேமையும் ஆடி அவள் பார்த்ததே இல்லை. தான் தூங்கின பிறகு ஆடுவார் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றையாவது முழுசாக ஆடியதுண்டா என்று கேட்டாள். அவர் மோவாயைத் தடவி யோசித்துவிட்டு, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"அப்புறம் என் பொட்டியில எதுக்குக் கை வெச்சீங்க?"

"உன் கேம் ஓடுதான்னு பார்க்கத்தான்."

அதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நாலு திட்டு திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளிடமிருந்து எது போனது என்று இந்த ஆளுக்குச் சாகிறவரை தெரியப்போவதில்லை என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, ஷட்டவுன் பண்ணாம புடுங்காத. உள்ள எல்லாம் போயிடும்."

அந்த எட்டு நாளில் அவர் குரல் நடுங்கியது அதற்குத்தான். அவள் கரண்ட் வயரையும் பிடுங்கினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்கு என்று படியிறங்கிப் போனாள்.