வெற்றிக்குப் பின் ஒரு குடுவைப் பால்

ஜெமுதாய் மூன்று முறை மாரத்தான் வென்றவள். எங்கள் ஊர் எல்டோரெட்டில் பிறக்கும் பெண் குழந்தைகளில் பாதிக்கு அவள் பெயர்தான். ஒவ்வொரு முறையும் வென்று திரும்பும்போது, விமான நிலையத்தில் ஊர் வழக்கப்படி நாங்கள் நீட்டும் சுரைக்குடுவைப் புளித்த பாலை நின்ற இடத்திலேயே குடித்துவிடுவாள். போன மாதம் அவளோடு ஓடிய தோழி ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினாள்; இருமல் மருந்துதான் குடித்தேன் என்று அழுதாள். யார் கேட்டார்கள்?

இன்று ஜெமுதாய், தபுட்டனிச் சித்தி நீட்டிய குடுவையை முகர்ந்து பார்த்தாள்.

"எத்தனை கை மாறி வந்துச்சு, சித்தி?"

"நானாடி உனக்கு விஷம் வைப்பேன்?" தபுட்டனிச் சித்தி பாதியை மடமடவென்று குடித்துக் காட்டினாள். "பாத்தியா? இப்பக் குடி."

"உனக்கென்ன சித்தி," என்றாள் ஜெமுதாய். "உன் மூத்திரத்தை யாரும் சோதிக்க மாட்டாங்க."