தையலுக்குள் விட்ட துணி

சட்டப் படிப்பு முடித்ததும் எனக்குக் கறுப்புக் கோட்டு தைத்தவர், உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த டெய்லர். ஒடிசலான ஆள். அளவை வாய்விட்டுச் சொல்வாரே தவிர எழுதிக்கொள்ள மாட்டார்.

தைத்து வாங்கியதும் கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். இரு பக்கத் தையலிலும் துணி கனமாக மடிந்திருந்தது.

"எதுக்குண்ணே உள்ள இவ்வளவு துணி?"

"இங்கன வந்த வக்கீல்மாரெல்லாம் ஒங்கள மாதிரி ஒல்லியாத்தேன் வந்தாக. கேஸு சேரச் சேரத் தொப்பையும் சேந்துச்சு. அப்பப் பிரிச்சுவிட்டுக்கிருவோம்."

முதல் ஆறு மாதம் ஒரு வழக்கும் வரவில்லை. பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி வீட்டில் நச்சரித்தார்கள். கோர்ட் வராந்தாவில் சும்மா நிற்கும்போதெல்லாம் என் விரல்கள் அந்த மடிப்பைத் தடவும். நானும் ஒருநாள் பெருப்பேன் என்று நம்பித் துணி விட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.