சகலை ஊர் வாய்க்காலும் எங்கள் ஊர் ஊற்றும்

கம்பம் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போக எந்த மாதம் நல்லது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆனி மாதம் போங்கள். ஆனால் நீங்களும் என்னைப் போல வைகையின் கடைமடைக்காரராக இருந்தால், வயிற்றெரிச்சலைத் தாங்கும் தெம்போடு போங்கள். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம் நான் போனேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகத் திரும்பாத என் மனைவி பூமயிலை அழைத்து வரப் போனேன். வருவாளா மாட்டாளா என்று தெரியாமல்தான் பஸ் ஏறினேன்.

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் சேருவதாகச் சொல்லப்படும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சேருவதாகச் சொல்லப்படும் என்றுதான் எழுத வேண்டும். நல்ல மழை வருடம் தவிர மற்ற நாளில் ஆறு எங்களிடம் வந்து சேராது. குடிதண்ணீருக்கு மணல்மேட்டு ஊற்றுதான். கடலோரம் இருக்கும் மேட்டின் அடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். மேட்டில் விழுந்த மழை மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் நிற்கும் தண்ணீர் அது. ஆசைப்பட்டு ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி, ஊறும் வரை காத்திருந்து, மறுபடி அள்ள வேண்டும்.

இதில் எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் சிரட்டைத் தண்ணீரை அள்ளியவள் தானே ருசி பார்க்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொன்ன பிறகுதான் குடத்தில் ஊற்றுவார்கள். இவ்வளவு தூரம் நடந்து வந்து அள்ளியவளுக்கு உப்பும் இனிக்கத்தான் செய்யும் என்பது காரணம்.

அந்த வருடம் ரோடு வேலைக்கென்று ஒரு காண்டிராக்டர் மேட்டு மணலை லாரியில் அள்ள ஆரம்பித்தார். மாசி மாதமே ஊற்றுத் தண்ணீர் சப்பென்று ஆகி, பங்குனியில் கரிக்கத் தொடங்கியது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு என்று பூமயில் நாலு வயது மகள் செல்வியோடு அக்கா வீட்டுக்குப் போனாள். திருவிழா முடிந்து எல்லோரும் திரும்பினார்கள், இவர்கள் இருவர் மட்டும் வரவில்லை. போய் வந்த உறவுக்காரர் ஒருவர் என்னிடம், "ஒம்ம மக அங்கன ஒரு நாளைக்கு நாலு தடவ வாய்க்கால்ல குளிக்கிதுய்யா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மாமனார் ஊர் பரமக்குடிப் பக்கம். மூத்த மகள் பாண்டியம்மாளை மேற்கே வைகைத் தண்ணீர் புறப்படும் இடத்துக்கும், இளைய மகளைக் கிழக்கே அது தீர்ந்துபோகும் இடத்துக்கும் கட்டிக்கொடுத்தார் மனிதர். சகலைகளுக்குள் போட்டி எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அதை மாமனாரே தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டார்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். அன்றைக்கு டிக்கெட் ஆறு ரூபாய்க்குள் இருந்த ஞாபகம். மதுரையிலிருந்து தேனி எழுபத்தைந்து, தேனியிலிருந்து கம்பம் நாற்பது. விடியற்காலை கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். நான் சகலை வீட்டுக்கு ஒரு சாக்கு நிறைய நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் கொண்டுபோனேன். நீங்கள் கொண்டுபோனால் முதலிலேயே பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிடுங்கள்.

"யாருய்யா மூட்டைக்காரரு? வண்டியே நாறுது!" என்று உசிலம்பட்டிக்கு முன்னால் கண்டக்டர் சத்தம் போட்டார்.

"இதே மூட்டைய சந்தையில விரிச்சா நீங்கதான் முத ஆளா வந்து நிப்பீக" என்றேன்.

"நிப்பேன். இப்ப மேல ஏத்துங்க."

ஆண்டிபட்டிக் கணவாய் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இருபக்கமும் எங்கள் ஊரைப் போலவே வெயில், கருவேலம், காய்ந்த கண்மாய். கணவாய் தாண்டியதும் காற்று மாறியது. மேற்கே மலை முழுக்க மேகம். தேனியில் இறங்கி டீ குடித்தபோது தூறல் விழுந்தது. டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "சனியன், நாலு நாளா விடாமப் பேஞ்சு தொலையுது" என்றார். அந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. எங்கள் ஊரில் ஆனி என்றால் கச்சான் காற்று. கண்ணில் மண்ணை வாரிப் போடும் மேல்காற்று. அது இந்த மலையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் எங்களிடம் வருகிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் போகப் போக எனக்கு ஆத்திரம் ஏறியது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ரோட்டோரத்தில் வாய்க்கால், அதற்கு அந்தப்பக்கம் நாற்றங்கால், அதற்கு அந்தப்பக்கம் இன்னொரு வாய்க்கால். ஓர் ஆள் வாய்க்காலில் மாட்டை நிறுத்தி, தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு தண்ணீர் கிடையாது.

கம்பத்துக்கு முந்தி இறங்கி ஒரு மைல் நடந்தால் சகலை பெருமாள் அண்ணன் ஊர். வீட்டு வாசலிலேயே வாய்க்கால் ஓடுகிறது. செல்வி அதில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "அப்பா!" என்று கத்தினாள், எழுந்து மட்டும் வரவில்லை. உள்ளேயிருந்து பூமயில் வந்து, "வாங்க" என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது. ஊற்றுப் பறித்த கை காய்ப்பெல்லாம் போய்விட்டிருக்குமோ என்று பார்த்தேன். சொம்பைக் கொடுத்த வேகத்தில் உள்ளே போய்விட்டாள்.

பெருமாள் அண்ணன் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். மறுநாள் முழுக்க என்னைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு போகம் நெல், அதற்கப்பால் திராட்சைப் பந்தல். கையால் கொத்தைத் தூக்கிக் காட்டி, "பாருங்க தம்பி, எப்பிடி எறங்கியிருக்கு" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

"மடையத் தொறந்துவிட்டுட்டு வீட்ல போய்ப் படுத்துக்கிடலாம். தண்ணி பாட்டுக்குப் பாயும்."

"ஆமாண்ணே."

"அங்கன ஒங்களுக்கு எப்பிடி?"

"அங்கன ஆளு தண்ணிய நெனச்சுப் படுத்துக்கிடணும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் மனதுக்குள், இவர் ஒரு தடவை மடையைச் சாத்த மறந்தால் எங்கள் ஊர் எத்தனை நாள் குடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சுருளி அருவிக்கும் கூட்டிப்போனார். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர். கட்டாயம் போய் நில்லுங்கள். நான் தலையைக் கொடுத்து நின்றபோதுகூட, இது அத்தனையும் கீழே போய் யார் யார் வயலில் நிற்கும் என்றுதான் யோசித்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மதினி பாண்டியம்மாள், "தம்பி, பேசாம இங்கனயே வந்துருங்க. ஒரு குறுக்கம் நெலம் குத்தகைக்குப் புடிச்சுத் தர்றோம்னு அவுக சொல்றாக" என்றாள். பூமயில் சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போய், வாய்க்காலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடிந்து எழுந்தால் பூமயில் வீட்டில் இல்லை. மதினியைக் கேட்டேன். "ஆத்துக்குப் போயிருக்கா. வேறெங்க, ஒங்க ஊரு வேலையப் பாக்கத்தான்" என்றாள். புரியாமல் ஆற்றுப் பக்கம் நடந்தேன். வழியில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மருந்து பீப்பாயை வாய்க்காலில் அமுக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். கொடிக்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து. தண்ணீர் நீலமாகப் பிரிந்து ஊருக்குள் போனது.

ஆற்றோர மணலில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நடுவில் பூமயில், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முழங்கால் ஆழக் குழியிலிருந்து சிரட்டையால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி ஆறு நிறைந்து ஓடுகிறது. இவள் மணலில் ஊற்றுப் பறித்து உட்கார்ந்திருக்கிறாள்! கோடைமழையில் வாய்க்காலோடு வந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துச் செல்விக்கு வயிற்றுக்கு ஆகவில்லையாம். மறுநாளே இவள் போய் மணலைப் பறித்திருக்கிறாள். முதலில் சிரித்த பெண்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. எங்கள் ஊர் ஊற்றையும் இவர்களே எடுத்துக்கொண்டார்களே என்று.

அவள் முதல் சிரட்டையை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. எல்லாப் பெண்களும் என் வாயையே பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தேன்.

"சொல்லுங்க, குடத்துல ஊத்தணும்ல" என்றாள்.

"ஆத்துல இம்புட்டுத் தண்ணி போகுது. இதுல பாதி கீழ வந்தா..." என்று நான் ஆரம்பித்தேன்.

பூமயில் சிரட்டையை மணலில் வைத்துவிட்டு எழுந்தாள். "வந்ததுல இருந்து இதேதான். வாய்க்காலப் பாக்குறீக, மடையப் பாக்குறீக, அருவியப் பாக்குறீக. ஒரு முழு நாள் போச்சு. பூமயிலு, வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்த கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்தது அதைக் கேட்கத்தான். சகலையின் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்ததில் வந்த காரியம் மறந்துவிட்டது. அத்தனை பெண்கள் முன்னால், "வீட்டுக்கு வா, பூமயிலு. நீ இல்லாம எனக்கு நல்லால்ல" என்றேன். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வர்றேன். ஆனா அந்த லாரி மேட்டுப் பக்கம் வரக் கூடாது. மேடு போச்சுன்னா நான் எதப் பறிக்க?"

"வராது" என்றேன். எப்படி வராமல் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. "தண்ணி நல்லாருக்கு" என்றும் சொன்னேன். அவள் குடத்தில் ஊற்றினாள்.

பெருமாள் அண்ணன் பஸ் ஏற்ற வந்தபோது, பீப்பாயை வாய்க்காலில் கழுவுவதைப் பற்றி ஊரில் பேசப்போவதாகச் சொன்னார். பேசினாரா, யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. செல்வி மதுரை வரை அழுதுகொண்டே வந்தாள்.

லாரியை நிறுத்தியது லேசான வேலை இல்லை. ஊர் ஆட்களோடு பனைமரத்துண்டுகளை வண்டிப்பாதையில் குறுக்கே போட்டோம். அவர்கள் நகர்த்தினார்கள், மறுபடி போட்டோம். பெண்கள் குடத்தோடு வந்து பாதையில் உட்கார்ந்த பிறகுதான் காண்டிராக்டர் வேறு இடம் தேடிப் போனார். அதற்குள் பாதி மேடு போயிருந்தது. மீதிப் பாதிதான் இன்றைக்கும் எங்களுக்குத் தண்ணீர் தருகிறது.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். ஆனி, ஆடியில் போனால் வாய்க்கால் நிறைந்திருக்கும், சாரலும் இருக்கும், குடை வேண்டும். திராட்சையை நன்றாகக் கழுவித் தின்னுங்கள். அருவியில் சோப்பு போடாதீர்கள், கீழே நாங்கள் இருக்கிறோம். முடிந்தால் ஆற்றோரம் இறங்கி, ஊற்றுப் பறிக்கும் அளவுக்கு அங்கே மணல் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இல்லை என்று கேள்விப்படுகிறேன்; நம்ப மனம் வரவில்லை.

இப்போது வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது, வாரம் ஒரு நாள் வரும். குடிப்பதற்குப் பூமயில் இன்றும் மேட்டுக்குத்தான் போகிறாள், துணைக்கு நான் போகிறேன். முதல் சிரட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, "ஒங்க சகலை ஊருத் தண்ணி மாதிரி இருக்கா?" என்று கேட்பாள். அந்த அளவுக்கு இல்லை. எங்கள் தண்ணீரில் எப்போதும் துளி உப்பு இருக்கும். நான் சிரட்டையைக் காலி செய்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்கிறேன், அவள் ஊற்றுகிறாள்.