இங்கிலீஷ் கட்டத்தில் அண்ணாரும் நானும்

"…பேசறது வேற, வாத்தியாரே. எழுதப் படிக்கத் தெரியாது. தம்பிக்கு இங்கிலீஷ் கட்டத்துல இல்லைன்னே போட்டுக்குங்க."

ஜனக்கணக்கு எடுக்க ராயபுரத்து வீட்டுக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் அண்ணார் இப்படிச் சொன்னபோது, கதவுக்குப் பின்னால் என் புது மனைவி நின்றிருந்தாள். எனக்கும் அண்ணாரைப்போல் இங்கிலீஷ் வரும் என்று, திருவொற்றியூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று நானே அளந்துவிட்டிருந்தேன்.

அந்தப் பொய் பொறாமையில் பிறந்தது. அண்ணார் காலமாகி ஓராண்டு ஆகும் இந்த நினைவு நாளில் அதை மறைப்பது அவருக்கு மரியாதை ஆகாது.

அண்ணார் நெல்லூர்ப் பக்கம் பிறந்தவர். அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டுதான் எங்கள் தகப்பனார், நைனா, துறைமுக வேலைக்கு வந்தார். நான் இங்கே பிறந்தேன். அம்மாவோடு தெலுங்கு, தெருவில் தமிழ், பக்கத்து வீட்டு பாயோடு இந்துஸ்தானி. இந்த மூன்றிலும் நாங்கள் சமம். நான்காவதில்தான் பிரிந்தோம். மிஷன் பள்ளிக்கு ஒரு பிள்ளையை அனுப்பத்தான் நைனாவால் முடிந்தது. அவர் காலமானபோது அண்ணாருக்கு வயது பதினாறு. அன்றிலிருந்து குடும்பத்தைத் தாங்கி, துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். நான் அதே துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் விஞ்சு ஓட்டினேன். எனக்கு வந்த இங்கிலீஷ் 'எஸ் சார்' மட்டும்தான்.

"பெரியவரு பேசினா துரை, நீ பேசினா துறைமுகம்டா" என்பார் எதிர்வீட்டு மீன்காரம்மா. நானும் சிரிப்பேன். உள்ளே புழுங்குவேன்.

மனு எழுதிக் கேட்டுத் தெருவே அவரிடம் வரும். வெற்றிலைகூட வாங்காமல் எழுதிக் கொடுப்பார். அந்தப் பேனா ஓடும்போது நான் வேண்டுமென்றே குடத்தை உருட்டுவேன். "காத்தா, தம்பியா?" என்று கேட்டுவிட்டு எழுதுவார். கடைசி மாதம் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்து டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினாரே, கால் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதும் பொறாமை விடவில்லை.

அந்த நாட்களில் தினமும் கஞ்சி கொண்டுவந்த பாய் வீட்டாருக்கும், அம்மாவை விட்டு நகராத மீன்காரம்மாவுக்கும், வேலையை விட்டு வந்து தோள் கொடுத்த விஞ்சுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

ஜனக்கணக்கு எடுத்த அன்று வாத்தியார் 'இல்லை' என்று எழுதினார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. நான் தலை நிமிரவில்லை. எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவியோடு மூத்தார் நேரே பேசுவதில்லை. எதுவானாலும் அம்மா மூலமாகத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணார் அவள் பக்கம் திரும்பியதுகூட இல்லை.

அண்ணார் எழுந்து கதவருகே போனார்.

"ஏம்மா, காயிதத்துல இருந்தா நான் படிச்சிடுவேன். கப்பல்ல வெள்ளைக்காரன் வாயைத் தொறந்தா எனக்கு ஒண்ணும் வெளங்கறதில்ல. உன் புருசனாண்ட போய்த்தான் கேட்டுக்கினு வரேன். அவன் பட்டுன்னு சொல்றான். எனக்கு வயிறு எரியுது" என்று, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.