வெயிலை ஒப்புக்கொள்ளாத பேனர்காரர்

கட்டைவிரலை நாக்கில் தொட்டுச் சிவப்பின் மேல் அழுத்தித் தேய்க்கிறார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்கிறார். ஒட்டியிருப்பது வெறும் தூசிதான் என்று தெரிந்தும் மனம் ஆறுவதில்லை. ஸ்டூலின் மேல் இன்னும் கொஞ்சம் எக்கி, வேறோர் இடத்தையும் தேய்த்துப் பார்க்கிறார். கடையின் பெயர் போட்ட அந்தப் பேனரில் ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்த எழுத்துகள் இப்போது பல்பொடி நிறத்துக்கு வந்துவிட்டன. "மை சரியில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்குகிறார். அதற்குப் பிறகுதான் கடையின் ஷட்டர் மேலே போகும்.

அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் இயந்திரம் ஓடினால் என் மேசையில் இருக்கும் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். தெருவுக்கே அவர் பேனர்காரர். நான் கூப்பிடுவது 'அண்ணே' என்று. விரல்களில் நாலு நிற மை, காதில் பென்சில், சட்டைப் பையில் அளவு நாடா, அதனருகில் காகிதத்தில் சுற்றிய பிளேடு. தெருவில் நடந்தால் தலை நிமிர்ந்தேதான் நடப்பார். பெருமையால் அல்ல, மேலே கட்டியிருக்கும் பேனர்களைப் படிக்க வேண்டுமே. அதனால் கால் இடறாத நாளே கிடையாது. சாவு வீட்டுக்குப் போனாலும் இரங்கல் பேனர் முன்னால் நின்றுவிடுவார். "போட்டோவை அகலத்துல இழுத்துட்டான் பாவி. செத்தவருக்கு இப்படியா கன்னம் இருந்துச்சு?" என்று என் காதில் மெதுவாகக் கேட்பார். துக்கம் விசாரிப்பது அதற்கு அப்புறம்தான்.

இயந்திரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "கவனிப்பு கொஞ்சம் குறைஞ்சா போதும், முகத்தைத் தூக்கி வச்சுக்கும்" என்பார். கடையில் இருக்கும் நல்ல மின்விசிறி மாப்பிள்ளைக்கு. சத்தம் போடும் பழைய விசிறி அவருக்கு. ஜன்னலோரத்துத் திரைச்சீலைகூட மாப்பிள்ளையின் மேல் வெயில் படாமல் இருப்பதற்காகத் தைத்ததுதான்.

முன்பெல்லாம் சிவப்புக்கு இரண்டு வருட உத்தரவாதம் கொடுப்பார். இப்போது "நிழல்ல கட்டினா நிக்கும்" என்கிறார். நிழலில் கட்டிய பேனரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். ஒரு முறை வாய் சும்மா இருக்காமல் நான் சொன்னேன்: "அண்ணே, மை மேல தப்பில்லை. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிட்டே போகுது."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்றார்.

அது அவருடைய மூலமந்திரம். கடைக்கு வருகிற யாராவது நெற்றியைத் துடைத்துக்கொண்டு இந்த வருடம் வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டால், அளவு எடுப்பதைக்கூட நிறுத்திவிட்டு இதைச் சொல்வார். "எங்கம்மாவும் இந்த மாதிரி வெயிலைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லித்தான் எனக்கு விசிறி விட்டாங்க. அப்போ எனக்குத் தொட்டில் வயசு. உலகம் சூடாகுதாம். மாப்பிள்ளைகூடத்தான் சூடாகுது. அதுக்கு யாராவது மாநாடு போட்டாங்களா?"

எதைக் காட்டினாலும் அவரிடம் வேறு ஒரு காரணம் தயாராக இருக்கும். சிவப்பு வெளுத்தால் மையில் கலப்படம். மத்தியானத்தில் இயந்திரம் படுத்துக்கொண்டால் அதற்கு வயதாகிவிட்டது. மூன்று வருடங்களாகக் கடையை மத்தியானம் மூடிவிட்டுச் சாயங்காலம் திறக்கிறார். கேட்டால், ஆர்டர் சாயங்காலம்தான் வருகிறது என்பார். தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. முடி கொட்டுகிறதாம், தலைக்குக் குளிர்ச்சி வேண்டுமாம். அந்தத் தலையில் கொட்டுவதற்கு இனி எதுவும் இல்லை என்பதை அண்ணிகூட இதுவரை சொன்னதில்லை.

ஆனால் அவர் அவநம்பிக்கை சும்மா வந்ததில்லை. வருடா வருடம் நகராட்சித் தலைவர் மரக்கன்று நடுவார். பேனர் இவர்தான் போடுவார். கம்ப்யூட்டரில் பழைய பேனரை எடுத்து வருடத்தை மட்டும் மாற்றி அச்சடித்துவிடுவார். படம் அதுவே, வாசகம் அதுவே. பேனர் கட்டப் போனால் இரும்புச் சட்டமும் போன வருடத்து இடத்திலேயே நிற்கும். "குழிகூட அதேதான் தம்பி. புதுசா தோண்டறதில்லை. போன வருஷத்துக் குச்சியைப் பிடுங்கிட்டு இந்த வருஷத்துக் குச்சியை நடறாங்க." ஒரு முறை அதையும் மாற்ற மறந்துவிட்டார். பழைய வருடமே அச்சாகி, மேடைக்கு நடுவில் தொங்கியது. தலைவர் அதன் கீழே நின்று பேசினார், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இவர்தான் ஓரமாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை பூமி வெப்பமாவது பற்றிய ஒரு மாநாட்டுக்குப் பேனர் கட்டப் போயிருந்தார். திரும்பி வந்து இரண்டு நாள் தும்மினார். "உள்ளே அவ்வளவு குளிர். எல்லாரும் கோட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து சூடு பத்திப் பேசறாங்க. வாசல்ல காரை அணைக்காம டிரைவருங்க தூங்கறாங்க. நான் நம்பணுமாம்." இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

பதில் தெரிந்தவள் அவர் வீட்டிலேயே இருக்கிறாள். ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அப்பன் எட்டடி பாய்ந்தால் பதினாறடி பாய்கிற ஜாதி. "அவங்க ஏமாத்தறாங்க, சரி. அதனால வெயில் பொய்யாயிடுமாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். அண்ணன் பிளேடைக் காகிதத்தில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். பதில் இல்லாத இடங்களில் எல்லாம் அவர் இதைத்தான் கேட்பார்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே உச்சி வெயில் பட்டால் ஒற்றைத் தலைவலி வந்துவிடும். இடது பொட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொள்வாள். அவள் பள்ளிக்குப் போன காலத்தில் அண்ணன் ஒரு பழைய ஃப்ளெக்ஸை வெட்டி ஸ்கூட்டருக்குக் கூரை போட்டார். ஏதோ பற்பசை விளம்பரம். மேலே பெரிய பல்வரிசை, அதன் கீழே அப்பாவும் மகளும். தெருவே சிரித்தது. இவர் கழற்றவில்லை. இன்றைக்கும் அவள் வெளியே கிளம்பினால், "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பார். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இருக்காது. "மழை வந்தாலும் வரும்" என்பார். வெயிலுக்கு என்று மட்டும் சொல்லமாட்டார்.

போன மழையில் தெரு முழுகிய பிறகுதான் வீட்டுக்குள் சண்டை மூண்டது. வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. மகளும் அவளுடைய தோழிகளும் வடிகாலில் இறங்கி அடைப்பை இழுத்தார்கள். சுருள் சுருளாகப் பழைய ஃப்ளெக்ஸ் வந்தது. ஒன்றைக் கழுவி விரித்தபோது, அதன் மூலையில் எங்கள் அண்ணனின் கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அண்ணன் கிட்டே போனார். குனிந்தார். விரலை நாக்கில் தொடப்போய், இடம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். "நம்ம சிவப்பைப் பாருங்க தம்பி, அப்படியே இருக்கு. அப்போ மை நல்ல மைதான்" என்றார். சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு யாரும் யாரையும் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

அதன் பிறகு மகள் ஒரு குழு சேர்த்து, ஃப்ளெக்ஸ் அச்சடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று நகராட்சிக்கு மனு கொடுத்தாள். நகராட்சியும் பொதுமக்கள் கருத்தைக் கேட்க நாள் குறித்துவிட்டது. தடை வந்தால் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது.

"இந்த ஷீட்டை டன் டன்னா தயார் பண்றவன் பெரிய ஆள். அவனைத் தொடமாட்டாங்க. அச்சடிக்கிறவன் கையைப் பிடிப்பாங்க. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதை" என்று என்னிடம் பொருமினார். "குளிர்பானக் கம்பெனிக்காரன் பாட்டிலும் அந்த வடிகால்லதான் கிடந்துச்சு. அது மண்குடம். நான் உடைச்சா மட்டும் பொன்குடம்."

"அவங்களையும் தடுக்கச் சொல்லித்தான் மனுல இருக்கு. நீங்க துணியில அடிங்கப்பா. நானே பள்ளிக்கூட ஆர்டர் எல்லாம் வாங்கித் தரேன்" என்றாள், அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்த மகள்.

"துணி மழையில அழும்" என்றார்.

ஆனால் அவள் பள்ளிக்குப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு துணிச் சுருளை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்திருக்கிறார். மாடியில் எனக்கே சத்தம் கேட்டது. இறங்கிப் போனால், துணி கசங்கி இயந்திரத்தின் பல்லில் சிக்கிக் கிடந்தது, அண்ணன் அதை நூல் நூலாக உருவிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், ஊருக்கெல்லாம் பேனர் போட்டவர் முதல் முறையாகத் தனக்கென்று ஒன்று போட உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு வாசகம் எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. தனக்கு ஒரு வரி வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் எடுத்துவிட்ட அடுக்குமொழிகளை எல்லாம் கேட்டுவிட்டு, "இது எலெக்‌ஷன் பேனர் மாதிரி இருக்கு" என்று தள்ளினார். கடைசியில் அவரே தட்டினார்: எங்கள் பிழைப்பில் கை வைக்காதீர்கள். பிறகு அதற்கு முன்னால் 'தயவுசெய்து' என்று சேர்த்தார்.

"எதிர்ப்புக்கு எதுக்கண்ணே தயவுசெய்து?"

"அந்தப் பக்கம் நிக்கறது நம்ம பொண்ணு தம்பி."

எல்லாம் சிவப்பில் வந்தது. நல்ல சிவப்பு.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அவர் ஓட்ட, அவள் பின்னால். சுருட்டிய பேனர் இரண்டு பேருக்கும் நடுவில். "தனித்தனியா போனா புகை ஜாஸ்தி. உங்க கட்சிக்கு ஆகாதே" என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினாள். வாசலில் நின்ற அண்ணி, "ஒரே அடுப்புல ரெண்டு கட்சிக்கும் சமைக்கிறேன். யார் ஜெயிச்சாலும் வர்றப்ப ஒண்ணா வாங்க" என்றார். அவசரத்தில் குடையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

நகராட்சி அலுவலக முற்றத்தில் கூட்டம். அதிகாரிகள் தலைக்கு மேல் ஒரு துணிப்பந்தல், நாற்காலிகளுக்கு மேல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே திறந்த வெளியில் மைக். பேசுகிறவன் சீக்கிரம் முடிக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தார்களோ என்னவோ. ஆனால் ஒருவரும் சீக்கிரம் முடிக்கவில்லை. மகளின் முறை வந்தபோது சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டது.

அவள் நன்றாகப் பேசினாள். வடிகாலைச் சொன்னாள், வீட்டுக்குள் வந்த தண்ணீரைச் சொன்னாள், அச்சுத் தொழிலாளிக்கு மாற்று இயந்திரம் வாங்க நகராட்சி உதவ வேண்டும் என்றும் சொன்னாள். அண்ணன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் இடது கை மெல்ல மேலே போனது. இரண்டு விரல்கள் பொட்டில் அழுந்தின. குரல் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நின்று நின்று வந்தது.

"குடை எடுத்துக்கலை" என்றார் அண்ணன். எழுந்து பேனரின் கட்டை அவிழ்த்தார்.

பின்வரிசையில் இருந்த மற்ற அச்சகக்காரர்கள், போராட்டம் ஆரம்பித்துவிட்டது என்று கை தட்டினார்கள். "தம்பி, அந்த முனையைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். இருவரும் மைக்கை நோக்கி நடந்தோம். பேனரோடு அப்பா வருவதைப் பார்த்து மகள் பேச்சை நிறுத்தினாள். அவள் முகம் இறுகியது. மறிக்கத்தான் வருகிறார் என்று நினைத்திருப்பாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் அவள் பக்கத்தில் போய்க் கைகளை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். எழுத்துகள் வானத்தைப் பார்க்க, வெறும் வெள்ளைப் பக்கம் கீழே இருக்க, அவள் தலைக்கு மேல் நிழல் விழுந்தது.

"என்ன இது? உங்க முறை வர்றப்போ காட்டுங்க" என்றார் நடுவில் இருந்த அதிகாரி.

"காட்ட வரலை சார்" என்றார் அண்ணன். ஈரத்துண்டு இல்லாத அந்தத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "வெயில் ஜாஸ்தியா இருக்கு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்கு மட்டும்" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த தாளை மட்டும் பார்த்தாள். அதில் மிச்சம் இருந்தது ஃப்ளெக்ஸைத் தடை செய்யச் சொல்லும் பகுதி.

"படிம்மா" என்றார் அண்ணன்.

அவள் படித்தாள். நீளமான பகுதி. என் கை கடுக்க ஆரம்பித்தது. பாதியில் வெயில் நகர்ந்து வந்து அவள் இடது தோளைத் தொட்டது. அண்ணன் குதிகாலை உயர்த்தி, ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார். என்னையும் நகரச் சொல்லிக் கண்ணால் காட்டினார்.