நாகதாளிக்குத் தண்ணீர்

நாகதாளிக் கள்ளியைக் கொல்வது குளிர் அல்ல, ஈரம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நோகிறது. ரொறன்ரோப் பனியில் கள்ளி பிழைக்காது என்று வருகிறவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணீரைக் கையில் எடுப்பார்கள். நகரத்தின் வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், தெற்கே பார்த்த சுவரோடு ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். மண்ணைப் பாதிக்குமேல் அள்ளி எறிந்துவிட்டு மணலும் சல்லிக்கல்லும் போட்டு உயர்த்திய பாத்தி. இந்த மாகாணத்தின் தெற்கு மூலையில், ஏரிக்கரை மணலில் தானாகவே முளைக்கிற குட்டைச் சாதி நாகதாளி அதில் நிற்கிறது. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒருவர், ஒரு கடையின் கார் தரிப்பிடத்தில் வைத்து, பழைய பேப்பரில் சுற்றி ஒரேயொரு மடலைத் தந்தார். இன்றைக்குப் பாத்தி நிறைய நிற்பதெல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

"ஊரில வேலிக்கு வெளியில நிண்டதை இவ இஞ்ச சாமிப்பூ மாதிரி வளக்கிறா" என்று கேலி செய்தார்கள். முள்ளை வீட்டில் வைத்தால் புருசன் பெண்சாதிக்குள் சண்டை வரும் என்றும் சொன்னார்கள். எங்களுக்குச் சண்டை பிடிக்க முள் தேவைப்பட்டதே இல்லை.

இலையுதிர்காலம் வந்ததும் இந்தச் செடி தன் உடம்பிலுள்ள தண்ணீரைத் தானே வெளியே விட்டுவிடும். உள்ளே நீர் இருந்தால் அது உறைந்து செடியைக் கிழித்துவிடும் அல்லவா, அதனால்தான். மடல்கள் சுருங்கி, ஊதா நிறமாகி, ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணில் சாய்ந்துவிடும். தெரியாதவர் பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட கைகள் என்று நினைப்பார். அந்த நேரத்தில் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பழைய யன்னல் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துக் கூரையாக வைத்து மழையையும் நான் தடுத்துவிடுவேன்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், கார்த்திகை மாதத்தில், அந்தக் கண்ணாடிக்குக் கீழே மண் நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை. சுற்றியிருந்த புல் காய்ந்துபோய்க் கிடந்தது. சல்லிக்கல்லுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தேன், அடிவரை ஈரம். அடுத்த நாளும் அப்படியே. இன்னொரு நாள் கல்லின் மேல் மெல்லிய பனிக்கட்டித் தகடு ஒன்று இருந்தது. யாரோ ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வாக்கிலேயே உறைந்திருந்தது. பின்வளவுப் படலையைப் போய்ப் பார்த்தேன். கொண்டி உள்பக்கமாகப் போட்டபடியே இருந்தது. வெளியார் யாரும் வந்திருக்க முடியாது.

வேறு யாராவது என்றால் நானே ஊற்றிவிட்டு மறந்திருப்பேனோ என்று யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்தே யார் என்று கேட்டவர். அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரேயொரு பயம்தான், அந்த மறதி எனக்கும் வந்துவிடுமோ என்பது. ஆகவே எதையும் மறக்காமல் இருப்பதை ஒரு தொழிலாகவே செய்துவந்தேன்.

கணவரைக் கேட்டேன். மிசிசாகாவில் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் இடத்தில் அவருக்கு வேலை. விடிய முதலே போய்விடுவார்.

"எனக்கு உதுதான் வேலையே? உமக்கும் உம்மட முள்ளுக்கும்!" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

அதற்குள் ஒரு செடியின் அடி கறுத்து, கூழாகி, நாற்றம் எடுக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மிச்சமாக இருந்தது பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த பெண்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்பவள். கீழே இறங்கிப் போனேன். அவளுடைய மேசைக்கு மேலே, கூரையோடு ஒட்டியபடி ஒரு சின்ன யன்னல். வெளியில் அது நில மட்டத்தில், என் பாத்திக்கு நேர் அருகில் இருக்கிறது.

"பிள்ளை, நீர் நல்ல மனசிலதான் செய்யிறீர். ஆனா உதுக்குத் தண்ணி விட்டா அழுகிச் செத்துப்போகும். இனி விடாதேயும்."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே டெய்லி காலையில ஊத்துறீங்க?"

"நானோ?"

"இங்கிருந்து கால் மட்டும்தான் தெரியும். அங்கிளோட பெரிய பூட்ஸப் போட்டுட்டு வருவீங்க. ஊத்திட்டு ரொம்ப நேரம் அப்படியே நிப்பீங்க. சில நாள் உக்காந்து செடியத் தடவிக் குடுப்பீங்க, வெறுங்கையால." அவள் குரல் இறங்கியது. "ஒரு நாள் நான் கையசைச்சேன், ஆன்ட்டி. நீங்க குனிஞ்சு என்னப் பாத்தீங்க. ஆனா பாக்காத மாதிரி இருந்துச்சு."

பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். கொஞ்ச நாட்களாக விரல் நுனிகளில் ஓர் அரிப்பு இருந்தது. குளிருக்குத் தோல் வெடிக்கிறது என்று கிரீம் பூசிக்கொண்டு திரிந்தேன். சமையலறை வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தேன். நாகதாளிக்குப் பெரிய முள்ளைவிட மோசமானது அதன் சுணை. பூனை மயிரைவிட மெல்லியது, தொட்டால் தோலுக்குள் போய்விடும். நான் இடுக்கி இல்லாமல் அந்தச் செடியைத் தொட்டதே இல்லை. என் பத்து விரல்களிலும் சுணை பொன் நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது. சில பழையவை, சுற்றிச் சிவந்திருந்தன. சில அன்றையவை.

மாலையில் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"கன நாளா பின்கதவடியில என்ர பெரிய சப்பாத்து ஈரமாக் கிடக்குது."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் என்ன சொல்லுவீரோ எண்டு பயமாக் கிடந்தது."

நான் அழுதேன். அவர் பிடுங்குவதை நிறுத்தவில்லை.

வைத்தியரிடம் நாள் எடுத்தோம். கீழே இருந்த பெண்ணிடம், இனிமேல் என்னை அங்கே கண்டால் யன்னலைப் பலமாகத் தட்டச் சொன்னேன். பிறகு சில நாட்கள் மண் காய்ந்தே இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, ஏதோ நித்திரைக் குறைவு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு காலை அவர் வேலைக்குப் போன பிறகு, தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுச் சமையலறை யன்னலால் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றதாகத்தான் எனக்கு நினைவு. செடிகள் சுருங்கிக் கிடந்தன. பாவங்கள், எவ்வளவு தாகமோ என்று மனம் இளகியது. அது தாகம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை. எங்கோ தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் யாரோ என்று நினைத்துத் திரும்பினேன். வாசல் இல்லை, சுவர்தான் இருந்தது. முகத்தில் காற்று அடித்தது. கையில் தண்ணீர் தீர்ந்த யக். சத்தம் என் காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். நிலத்தோடு ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை ஏன் அழுகிறது, இவள் யார் வீட்டுப் பிள்ளை என்று யோசித்தபடி நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.