உருண்டையின் தேயாத பக்கம்

மேசை விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் சாப்பாட்டுத் தட்டை வைப்பார். பஸ் கம்பி, லிஃப்ட் கதவு, புதிதாய்ச் சவரம் செய்த சொந்தக் கன்னம், எதையும் அந்த நகம் விட்டுவைத்ததில்லை. மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது கார் கதவிலும் ஓர் இழுப்பு. "ரெண்டாவது பெயின்ட். மாப்பிள்ளை எங்கயோ இடிச்சிருக்காரு." இடித்துத்தான் இருந்தான்.

தொழிற்சாலையில் அவருக்கு நகம் சார் என்று பெயர். செயற்கை இடுப்பு மூட்டுக்கான உலோக உருண்டைகள் செய்யும் இடம். சின்ன எலுமிச்சை அளவு. கண்ணாடி மாதிரி மின்னும். மற்றவர்கள் அதில் மீசையைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் மேடு பள்ளம் தேடுவார்.

ஆரம்பத்தில் சராசரியை மட்டும்தான் பார்த்தார்கள். ஊசி ஒன்று பரப்பின்மேல் ஊர்ந்து போகும். மேடு பள்ளமெல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். வரம்புக்குள் இருந்தால் முத்திரை. அவருக்கு அது உறுத்தியது. "தெருவுல எல்லாரும் நல்லவங்க, ஒருத்தன் மட்டும் திருடன். சராசரி நல்ல தெருதான். கதவைத் திறந்து போட்டுத் தூங்குவியா?" பிறகுதான் ஒளியால் அளக்கும் கருவி வந்தது. உயரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, திருடன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தது. கூடவே ஃபிராக்டல் கணக்கும் வந்தது. தட்டையான பரப்புக்கு இரண்டு. சொரசொரப்பு ஏற ஏற மூன்றை நோக்கி நகரும் ஒரு பின்ன எண். "மேட்டு மேல மேடு, அது மேல குட்டி மேடு. பங்காளிச் சண்டை மாதிரி. கிட்டப் போகப் போக உள்ள இன்னொண்ணு இருக்கும்." இதைச் சொல்லும்போது மட்டும், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

அந்தக் கருவி வருவதற்கு முன் சராசரியை மட்டும் நம்பி அவர் முத்திரையிட்ட உருண்டை ஒன்று அவருடைய மனைவியின் இடுப்பிலேயே இருந்தது. "மத்தவளுங்க புருஷன் தலையில ஏறி உக்காருவாளுங்க. நான் புருஷன் வேலை மேல ஏறி நடக்கறேன்" என்பாள். பல வருடம் நடந்தாள். பிறகு வலி. இரண்டாவது அறுவை சிகிச்சையில் உருண்டையை மாற்றினார்கள். பழையதை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கிவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"அளந்துதான் பாருங்களேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

எலும்புப் பிடிமானம் இளகியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. போன மாதம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

மகள் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவள். தினமும் போன் செய்வாள். அன்றும் செய்தாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"சராசரி பரவாயில்லம்மா."

எங்கோ ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிய அது போதுமாயிருந்தது. மறுநாளே வந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என் உருண்டைதான் அவளை வலிக்க வச்சிருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்பா. தெரியாததுதான் உங்களைத் தின்னுது."

தொழிற்சாலையின் அளவை அறையில் அவர் ஊசிக் கருவியின் பக்கமே போகவில்லை. "அது எல்லாத்தையும் சராசரியாக்கி நடுவுல ஒரு கோடு போட்டுடும்." ஒளிக் கருவியின் மேடையில் உருண்டையை வைத்தார். முதலில் எதனோடும் உராயாத பக்கம். அது அவர் கையைவிட்டுப் போன அன்று இருந்தபடியே இருக்கும். திரையில் உயரங்கள் வரிசை கட்டின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வேறோர் இடத்தில் பார்த்தார். இன்னோர் இடத்தில்.

"திருடன் இல்ல" என்றார். மகள் அவர் முதுகில் கை வைத்தாள்.

பிறகு தேய்ந்த பக்கத்தைத் திருப்பினார். நுண்ணிய கோடுகள், பெரும்பாலும் ஒரே வாக்கில் வளைந்து. பெரிதாக்கினார், கோட்டுக்குள் கோடு. இன்னும் பெரிதாக்கினார், அதற்குள்ளும். கடைக்கும் மாடிக்கும் கிளம்பிவிட்ட பஸ்ஸுக்கும் அவள் எடுத்து வைத்த அடிகள்.

"எவ்வளவு நடந்திருக்கா பாரும்மா."

"எண் என்ன வருதுப்பா?"

"இரு. எண்ணு எங்க போயிடப் போகுது."

திரையை விட்டு எழுந்து கருவியின் மேடை அருகே குனிந்தார். கட்டைவிரல் பழக்கத்தில் தானாக நீண்டது. நகம் உருண்டையைத் தொடப் போகும் இடத்தில் நின்றது. விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.